துளி நிற்காத மேசை

மேசைவிரிப்பில் விழுந்த தண்ணீர்த்துளி திரண்டு நிற்கவில்லை. பரராசசிங்கத்தின் கண்ணுக்கு முன்னாலேயே மெல்ல மெல்லப் பரந்து, விரிப்போடு ஒட்டிக்கொண்டது.

நீலப்பூப் போட்ட பிளாஸ்ரிக் விரிப்பு. ஊரில் எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கிடக்கிற சாமான். பிளாஸ்ரிக்கில் தண்ணீர் விழுந்தால் மணிமணியாகத் திரளும், தட்டிவிட்டால் உருண்டோடும்; சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அதை ஓடாமல் படரச் செய்ய என்ன வழி என்று யாழ்ப்பாணத்துத் தீவூரான நாரந்தனையில் ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். அந்த ஒருத்தன், இந்திய ஆமி கப்பலேறிக்கொண்டிருந்த அந்த மாசி மாதத்தில், நாலு வருசம் கழித்து ஜெர்மனியிலிருந்து வந்து, கையில் செம்போடு அந்தக் கதிரையில் இருந்தான்.

அங்கே அவனுக்கு வேலையே அதுதான். பிளாஸ்ரிக் தாளின்மேல் கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியை விட்டுவிட்டு அடிப்பார்கள். தாளின் மேற்பரப்பு மட்டும் மாறும். பிறகு ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். திரண்டு நின்றால் தாள் உதவாது, பரந்தால் நல்லது. தண்ணீரை ஏற்கிற தாள் தோலின் உயிர்க்கலங்களையும் ஏற்கும். அவை அதில் பிடித்து உட்கார்ந்து பெருகும். தீக்காயத்துக்கு ஒருநாள் உதவும் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள்! கண்ணாடிக் கிண்ணத்தைத் தாண்டி அது எந்த மனிசருடைய உடம்பிலும் பட்டதில்லை, ஒரு உடம்பைத் தவிர.

சறோஜினிதேவி அவனுக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. தாய் செத்தபிறகு அவனைக் குளிக்கவார்த்து, சோறு தீத்தி, தனக்கு வந்த கலியாணங்களையும் வேண்டாமென்று தள்ளிவிட்டுப் படிப்பித்தவள். போன வருசம் மண்ணெண்ணெய் அடுப்புச் சரிந்து அவளுடைய இடக்கை வெந்துபோச்சு என்று கடிதம் வந்தபோது அவன் அழுதது உண்மை. அழுத கையோடு ஆய்வுகூடத்து அலுமாரியைத் திறந்து ஆறு தாள் களவெடுத்ததும் உண்மை. "பெரிய டொக்டர் தந்த மருந்துத்தாள், காயத்தில் ஒட்டுங்கோ, நான் வருமட்டும் எடுக்கவேண்டாம்" என்று எழுதி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டான். ஐந்தாம் நாள் உரித்துவிட வேண்டிய தாள் அது. உரிக்காமல் விட்டால் தோல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அவனுக்கு ஆசை. வெட்கங்கெட்ட ஆசை.

அக்கா இன்னும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. அவன் வந்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. குசினி வாசலை ஒட்டித்தான் மேசை. வாசலில் தொங்கிய பிளாஸ்ரிக் திரைக்கு அங்காலிருந்து குரல் மட்டும் வந்தது.

"தண்ணி குடிச்சனியே தம்பி?"

"ஓம் அக்கா. கை எப்பிடி?"

"நல்ல சுகம். நீ அனுப்பின தாளெல்லே."

"மிச்சத் தாளுகள்?"

"கைக்கு ஒண்டு காணுமாயிருந்தது. மிச்சத்தை வீணாக்கிறதே? இந்தா, மேசையோடை கிடக்கிற அந்த வாளி வெடிச்சு ஒழுகிச்சுது. நல்ல தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கவேணும், உனக்குத் தெரியாதே? ஒண்டை அதிலை ஒட்டினனான். மேசைவிரிப்புக் கிழிசலுக்கு ரண்டு. திரைக்கு ரண்டு."

கிணறெல்லாம் உப்பாகிக் கிடக்கிற தீவில் ஒழுகுகிற வாளியை எந்தப் பெண்தான் எறிவாள்? வெந்த கையாலேதான் அவள் அந்த வாளியைத் தினமும் தூக்கியிருப்பாள். அதே கையால்தான் மேசையைத் துடைத்து, திரையை விலக்கி, வாளித் தண்ணீரை எல்லாவற்றிலும் சிந்தியிருப்பாள். அந்தக் கையின் உயிர்க்கலங்கள் இந்தத் தாள்களிலும் பிடித்திருந்தால்? பரராசசிங்கம் உள்ளங்கையை விரிப்பின்மேல் வைத்தான்.

சூடாக இருந்தது.

பட்டப்பகல் வெயிலடா, வேறென்ன, என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டான். ஆனால் யன்னலால் வந்த வெயில் சுவரில்தான் விழுந்தது, மேசை நிழலில் கிடந்தது. குனிந்து மணந்து பார்த்தான். பிளாஸ்ரிக் மணமில்லை. வெயிலில் நடந்து வந்தவளின் பிடரியில் வியர்வையும் நல்லெண்ணெயும் கலந்து எழுகிற மணம். சின்ன வயதில் காய்ச்சல் வந்த நாட்களில் முகம் புதைத்துக் கிடந்த அதே மணம். வெளியே பனையோலைகள் உரசின. காற்று உள்ளே வந்தது. நீலப்பூக்களின்மேல் பொடிப்பொடியாக ஏதோ எழும்பியது. மெல்லிய மயிர்.

விரிப்புக்குப் புல்லரித்தது.

கையை இழுத்துக்கொண்டான். ஐயோ, என்ன வேலை செய்துவிட்டேன்! பையைக் கிளறிச் சவர பிளேட்டை எடுத்தான். 

"அக்கா, நான் பொய் எழுதினனான். அது மருந்தில்லை. ஒருத்தருக்கும் போட்டுப் பாக்கேல்லை. அஞ்சு நாளிலை உரிச்சிருக்கவேணும். என்ன நடக்குமெண்டு பாக்கத்தான் விட்டனான்."

உள்ளே அகப்பைச் சத்தம் நின்றது.

"அஞ்சாம் நாள் கையைப் பிடிச்சு இழுத்துதடா," என்றாள் அக்கா. "உரிப்பமெண்டு நகத்தையும் வைச்சன். பிறகு, தம்பி படிச்சவன், காரணமில்லாமல் எழுதமாட்டான் எண்டு விட்டிட்டன்."

அந்த வார்த்தை அவனை அறைந்தது. இப்போதே எடுத்துவிட வேண்டும். எப்படியாவது அவளை யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வாளியின் வெடிப்பில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தில் பிளேட்டை வைத்து, நூலளவு கீறினான்.

இரத்தம்.

குசினிக்குள் "ஸ்ஸ்" என்றது.

"அக்கா?"

"பறவாயில்லை. வெட்டு."

"ஏலாது. ஏலாது அக்கா. வெளியாலை வாங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"பயப்பிடமாட்டியே?"

"மாட்டன்."

திரை விலகவில்லை. திரையே வந்தது. முதலில் அக்காவின் முகம், நரைத்த தலை, வலக்கை. இடக்கை முழங்கைக்குக் கீழே கையாக இல்லை. அங்கிருந்து தோல் அகன்றது. அகன்று திரையானது. திரை இறங்கி மேசைக்கும், மேசையிலிருந்து வாளிக்கும் வந்தது. இடையில் தையல் இல்லை. விளிம்பு இல்லை. ஒரே தோல்.

அவள் ஒரு அடி வைத்தாள். மேசைவிரிப்பு வழுகி எழும்பியது. வாளி சரிந்தது. யன்னல் வெயில் அந்தத் தோலுக்குப் பின்னால் பட்டு அறையே சிவந்தது. உள்ளே நரம்புகள். பொடி நரம்புகள். துடித்தன.

பிளேட் அவன் கையில்தான் இருந்தது. எங்கே வெட்டுவது? எங்கே அக்கா முடிகிறாள்?

"அழாதை ராசா," என்றாள் சறோஜினிதேவி. "நான் கோவிக்கேல்லை. வா."

அவள் இரண்டு கைகளையும் விரித்தாள். சுவரிலிருந்து சுவர்வரைக்கும் அந்தத் தோல் விரிந்தது.