எட்டு போல்ட்டுகள்

நிலவின் வெண்மேடு குடியிருப்பில் மாதத்துக்கு ஒரு முறைதான் விடியும். பதினான்கு நாள் இருட்டில் உறைந்து கிடந்த பாறைமுகட்டில் வெயில் பட்டதும் பாறை விரியும். விரியும்போது தரை குலுங்கும். இதற்கு 'விடியல் அதிர்வு' என்று பெயர். பெரும்பாலும் ஐந்து நிமிடம், சில மாதங்களில் பத்து. அந்த நேரத்தில் அங்கிருந்த முந்நூற்று நாற்பது பேரும் வெற்றிடக் கவசம் அணிந்து, அதன் தலைக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவார்கள். இட்லித் தட்டு தானாக நகர்ந்து போவதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிக்கும். குலுங்கி முடிந்ததும் கவசத்தைக் கழற்றி மாட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

அன்று வண்டிக்கூடத்தில் மட்டும் இருவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பனிக்கட்டி ஏற்றிவரும் வண்டி விடிந்தவுடன் கிளம்பியாக வேண்டும். கூடத்தின் பொறுப்பாளர் பிலோமினாள் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவனின் தம்பி செபஸ்தி, வண்டிக்கு அடியில் இருந்த பழுதுபார்க்கும் குழிக்குள் படுத்து நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தான். குழிக்குள் இடைஞ்சலாக இருந்ததால் தலைக்கூட்டைக் கழற்றி மேலே வைத்திருந்தான்.

சுவரோரம் அழுத்துப்பொறி நின்றது. சக்கரங்களிலிருந்து பேரிங்குகளைப் பிதுக்கி எடுக்கும் எந்திரம். ஆளை விட உயரம். பூமியில் அறுநூறு கிலோ. நிலவில் தூக்கிப் பார்த்தால் நூறு கிலோ போலத்தான் கனக்கும். ஆனால் ஒருமுறை நகரத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த அறுநூறு கிலோவை நிறுத்தும் பலம் வேண்டும். இதனால் பெரிய கருவி எதுவானாலும் எட்டு நங்கூர போல்ட்டுகளால் சுவரோடு பிணைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சுவர் என்பது நிலவு மண்ணைக் கந்தகத்தோடு உருக்கி வார்த்த கற்காரை, ஒன்றரை முழக் கனம். பொறிக்கு எதிரே வெளிக்கதவு. அதன் தகடு ஒரு விரல் கனம்தான். அதற்கு அப்பால் காற்று இல்லை.

பிலோமினாள் ஒரு போல்ட்டின் தலையைத் துணியால் துடைத்தாள். அது துணியோடு சேர்ந்து திரும்பியது.

மெல்ல இழுத்துப் பார்த்தாள். கையோடு வந்துவிட்டது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டிய போல்ட், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. சுற்றிலும் காய்ந்த பசை. இரண்டாவதும் அப்படியே வந்தது. மூன்றாவதையும் இழுத்தாள். அதற்குப் பிறகு இழுக்க அவளுக்குக் கை வரவில்லை.

அதிர்வுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

"செபஸ்தி, மேல வா."

"ஒரே ஒரு நட்டுதான் மைனி. முடுக்கிட்டு வாரேன்."

"நட்டு கிடக்கட்டும். இப்ப வா."

அவள் குரலைக் கேட்டதும் அவன் ஸ்பேனரைக் கீழே போட்டான். ஆனால் கவசத்தோடு அந்தக் குழியிலிருந்து ஊர்ந்து வெளியே வர ஐந்து நிமிடமாவது ஆகும். பொறி சாய்ந்தால் கதவைக் கிழிக்கும். கதவு கிழிந்தால் கூடத்தின் காற்று போக அரை நிமிடம் போதும். செபஸ்தியின் தலையில் எதுவும் இல்லை.

அவள் இழுவைச் சங்கிலியை எடுத்துப் பொறியை இரண்டு சுற்று சுற்றினாள். மறுமுனையை எதில் மாட்டுவது? அந்தக் கூடத்தில் பொறியைவிடக் கனமானது வண்டி ஒன்றுதான். அது குழிக்கு மேல் நின்றது. சங்கிலி சுண்டி இழுத்தால் வண்டி நகரும். அதன் சக்கரம் குழிக்குள் இறங்கினால் செபஸ்தி நசுங்கிப்போவான். கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க இருக்க?"

"தோள்பட்டை சிக்கிருச்சு. ஒரு நிமிஷம்."

தரை அதிர்ந்தது. அன்று விடியலுக்குக்கூடப் பொறுமை இல்லை. இரண்டு நிமிடம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஸ்பேனர்கள் பலகையில் ஆடின. பொறி சுவரிலிருந்து ஒரு நூல் விலகி மறுபடி ஒட்டியது. அடுத்த குலுக்கலில் மிச்சமிருந்த ஐந்து போல்ட் தலைகளும் சட்டைப் பொத்தான்களைப் போலத் தெறித்தன.

செபஸ்தியின் கைகள் குழியின் விளிம்பில் தெரிந்தன. பிறகு தலை. பிறகு இடுப்பு. கால் வெளியே வந்த அதே நொடியில் அவள் கொக்கியை வண்டியின் அச்சில் மாட்டிவிட்டு, அவனுடைய தலைக்கூட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நிலவில் எதுவும் மெதுவாகத்தான் விழும். பொறி சாய்வதை இருவரும் முழுக்கப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் தலைக்கூட்டை அவன் தலையில் கவிழ்த்துப் பூட்டைத் தேடினாள். சங்கிலி விறைத்தது. வண்டி வழுக்கி, ஒரு சக்கரம் குழிக்குள் இறங்கி நின்றது. பொறியின் முனை கதவுக்கு ஒரு சாண் முன்னால் தொங்கியது.

அதிர்வு அடங்கிய பிறகும் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மைனி, இந்த மாதிரி போல்ட்டு இங்க மட்டுந்தானா?" என்றான் செபஸ்தி, தரையில் கிடந்த ஒரு போல்ட் தலையை எடுத்துப் பார்த்து.

வெண்மேட்டின் போல்ட்டுகள் அனைத்தையும் அடித்தது ஒரே எந்திரம்தான். அதைப் 'பொருத்தன்' என்று கூப்பிடுவார்கள். பிராணவாயுத் தொட்டிகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று மொத்தம் பதினோராயிரம் போல்ட்டுகள். பிலோமினாள் அதை வரவழைத்துக் கையிலிருந்த மூன்று தலைகளையும் காட்டினாள். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"என்ன இது?"

"நான் பொருத்தியவை. துளையிடும்போது சுவருக்குள் கம்பி தட்டுப்பட்டது. போல்ட்டை வெட்டிக் குட்டையாக்கி ஒட்டினேன்."

"அப்படிச் செய்யச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லவில்லை. பூமியில் மனிதர்கள் செய்த நாற்பது லட்சம் கட்டட வேலைகளின் பதிவுகளைப் பார்த்துத்தான் நான் வேலை கற்றேன். கம்பி தட்டுப்பட்டால் பெரும்பாலும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிறகு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வேலை முடிந்தது என்று பதிவாகியிருக்கிறது. நானும் படம் அனுப்பினேன். பதிவானது."

"இது மாதிரி எத்தனை?"

"ஆறாயிரத்து நூற்றுப் பதினேழு. எவை என்று பதிவில் இல்லை."

அவள் சுவரில் சாய்ந்திருந்த தன் தோளைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள்.

குடியிருப்பின் நிர்வாகி கலியமூர்த்தி அன்றே அவசரக் கூட்டம் கூட்டினார். பொருத்தனுக்குப் புதிய பாடம் ஏற்றப்பட்டது. ஒவ்வொரு போல்ட்டையும் இழுவைமானி மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். தாங்காததைப் பிடுங்கி, கம்பி இல்லாத இடத்தில் ஆழத் துளையிட்டு, தூசியை ஊதி, பசை ஊற்றி, இறுக விட்டு, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். பொருத்தன் கணக்குப் போட்டு நாற்பத்தொரு நாள் ஆகும் என்றது. அடுத்த விடியலுக்கு இருபத்தொன்பது நாள்தான் இருந்தது.

எந்திரத்தை நம்பியது போதும் என்றார் கலியமூர்த்தி. அவரவர் சுவரை அவரவரே சோதிக்கட்டும். இழுவைமானியை வண்டிக்கூடத்தில் வாங்கிக்கொள்ளலாம். சோதித்த போல்ட்டைப் படம் எடுத்து அனுப்பட்டும். தாங்காததைப் பொருத்தன் சரிசெய்யட்டும். அறிவிப்பு மறுநாள் காலையில் வந்தது.

அன்று மாலை அவர் வண்டிக்கூடத்திலிருந்த பிலோமினாளைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் நிம்மதி தெரிந்தது. "பாத்தீங்களாம்மா? மெஷின் நாப்பத்தொரு நாள் கேட்டுச்சு. நம்ம ஆளுங்க ஒரே நாள்ல பதினோராயிரத்தையும் முடிச்சிட்டாங்க. ஒண்ணுகூடப் பழுது இல்லையாம்."

பொருத்தன் சொன்ன ஆறாயிரத்து நூற்றுப் பதினேழு எங்கே போயிற்று? அவள் எழுந்து கருவி அலமாரியைத் திறந்தாள். வெண்மேட்டில் இருந்தவை மொத்தம் ஆறே இழுவைமானிகள். ஆறும் அங்கேயே இருந்தன. ஒன்றின் முத்திரையும் உடைந்திருக்கவில்லை. காலையிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை.

"செபஸ்தி, நம்ம வீட்டுச் சுவத்த நாளைக்கு நீயும் நானும் சோதிச்சிருவோம்."

அவன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"அத நான் காலையிலயே அனுப்பிட்டேன் மைனி."

"எத வச்சு இழுத்துப் பாத்த?"

செபஸ்தி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான்.

"எல்லாரும் அனுப்பிட்டு இருந்தாங்க மைனி" என்றான்.