பாக்கெட்டுக்குள் இடது கை

எல்டனின் ஆசிலோஸ்கோப்பைக் காரிலிருந்து இறக்கும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் வால்வு காலத்துப் பெட்டி, கன்றுக்குட்டி கனம். போர்ட்லண்டின் நவம்பர் மழை நசநசவென்று பிடரியில் வழிந்தது. ரிப்பேர் தொழிலில் என் சகா எல்டன் செத்து மூன்று மாதம் ஆகிறது. அவன் மனைவி கொரின் குடை பிடித்தாளே தவிர, ஒரு கை கொடுக்கவில்லை. அந்தப் பெட்டியைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அப்பாவோடது எனக்குத்தான் வேணும்னு ப்ரென்னா ஒத்தக்கால்ல நிக்கிறா, ரோலின். இதுக்குப் பக்கத்துலதான் அவர் விழுந்து கெடந்தார். மாரடைப்புன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனாலும் மனசு ஆறல. நீங்க பார்த்து, பயமில்லன்னு சொன்னாத்தான் என் பொண்ணு கையில குடுப்பேன்."

"ரெண்டு நாள் குடு, முடிச்சிடறேன்" என்றேன். என் வாய்க்கொழுப்பு.

நோய் சின்னதுதான். திரையில் பச்சைக் கோடு ஒன்று அசையாமல் படுத்திருக்க வேண்டும். இது நினைத்தபோது துள்ளி மேலே ஓடி மறைந்தது. உள்ளே வரும் துளி மின்சாரத்தைப் பெருக்கித் திரைக்கு அனுப்புகிற ப்ரீஆம்ப்ளிஃபையரில்தான் கோளாறு என்று பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும்.

அந்தக் குழந்தையே வந்து ரிப்பேர் பார்க்கட்டும்!

வால்வுகளை இடம் மாற்றினேன். வால்வோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறினால், குற்றவாளி வால்வு. மாறவில்லை. ப்ரீஆம்பை அப்படியே உருவி, பக்கத்திலிருந்த என் ஸ்கோப்பில் சொருகினேன். சமர்த்தாக ஓடியது. என்னுடையதை எல்டன் பெட்டியில் சொருகினேன். அதுவும் துள்ளியது. சரி, பெட்டியில்தான் கோளாறா என்று அளந்து பார்த்தால், அளந்த இடமெல்லாம் சரியாக இருந்தது. பென்சிலால் தட்டினேன். ஊதினேன். திட்டினேன். கொரின் போன் செய்து "ஆச்சா?" என்றாள். "ஆகுது, ஆகுது" என்று வைத்தேன். பெட்டியைத் தூக்கி மழையில் போட்டுவிடலாம் போலிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் வலது கை மட்டும்தான் போகும். இடது கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையும் உலோகத்தைத் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். எல்டனுக்கு இது வேதவாக்கு. சாப்பிடும்போதுகூட அவன் இடது கை வெளியே வராது. மரம் அறுக்கும் வாளில் பாதி போன சுட்டுவிரலை மறைக்கிறான் என்று நாங்கள் கிண்டலடிப்போம்.

மூன்றாம் நாள் மத்தியானம். மழை இருட்டு. சூடான வால்வுகளில் தூசி கருகும் வாசனை. மூக்கு அரித்தது. இடது கையை எடுத்துச் சொறிந்தேன்.

கோடு துள்ளியது.

கையைப் பாக்கெட்டில் போட்டேன். கோடு படுத்தது. எடுத்தேன். துள்ளியது.

கை நெருங்கினால் கோடு ஆடும், அதில் அதிசயமில்லை. எழுந்து போய் மாடிப்படியில் நின்றுகொண்டு கையை எடுத்தேன்.

துள்ளியது.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "மூணு நாளா என் உயிர வாங்குற, சனியனே! இரு, உன்னப் பிடுங்கி எறியறேன்." வலது கையை என் ஸ்கோப்பின் மேல் ஊன்றி, எல்டன் பெட்டியைப் பிடித்து இழுக்க இடது கையை எடுத்தேன்.

கை வரவில்லை.

பாக்கெட்டுக்குள் இன்னொரு கை என் கையைப் பிடித்திருந்தது.

சில்லென்று இருந்தது. விரல்கள் என் விரல்களைச் சுற்றின. அதில் சுட்டுவிரல் பாதியில் முடிந்துபோனது.

"எல்டன்?"

பிடி இறுகியது. திரையில் கோடு மெல்ல நடுங்கியது.

என்ன தோன்றியதோ, ஒற்றைக் கையாலேயே மீட்டரின் கறுப்பு வயரை என் ஸ்கோப்பில் மாட்டி, சிவப்பு முனையை எல்டன் பெட்டியின் மேல் வைத்தேன். நூற்றிருபது வோல்ட் காட்டியது. வீட்டு மின்சாரம் முழுவதும் அந்தப் பெட்டியின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. என் இடது கையும் அதைத் தொட்டிருந்தால், நெஞ்சு வழியாகப் பாய்ந்திருக்கும்!

எட்டிப் பிளக்கைப் பிடுங்கினேன். பிடி விட்டது.

திறந்து பார்த்தேன். கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் வயர் உள்ளேயே வெட்டப்பட்டு, அழகாக டேப் சுற்றியிருந்தது. கோட்டில் இரைச்சல் குறையட்டும் என்று இப்படி வெட்டுகிற கிறுக்கர்கள் எங்களில் உண்டு. பக்கத்தில் ஒரு கண்டென்சர் வெந்துபோய், மின்சாரத்தைப் பெட்டியின் உடம்பில் கசியவிட்டிருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், தனக்கு மட்டும் இப்படிச் செய்துகொண்டானே! ப்ரீஆம்பையே கட்டி அழுத நான் வயரைப் பார்க்கவே இல்லை. பெட்டிமேல் தலை வைத்து அழுதேன்.

கொரினிடம் மறைக்கவில்லை. "மாரடைப்பு இல்ல, கொரின். ஷாக்." அவள் பெட்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். பிறகு, "இப்போ?" என்றாள்.

"வயர சேர்த்துட்டேன், கெட்டத மாத்திட்டேன். திரும்பத் திரும்ப அளந்தாச்சு. கொழந்தகூட தொடலாம்."

அது உண்மைதான். ஆனால் கோடு ஏன் துள்ளியது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. தானாகப் போன கோளாறு தானாகத் திரும்பும் என்பார்கள் எங்கள் தொழிலில். தெரிந்தும் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ப்ரென்னா கூப்பிட்டாள்.

"அங்கிள், ஸ்கோப் சூப்பரா ஓடுது." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "அப்பா மாதிரியே இடது கைய பாக்கெட்ல வெச்சுக்கிட்டுத்தான் வேல பார்த்தேன்."

"நல்ல பொண்ணு."

"இப்ப எடுக்க வரல அங்கிள்."

"பிளக்கப் பிடுங்கும்மா. பிடுங்கினா விட்டுடும்."

"அப்பவே பிடுங்கிட்டேன். கோடு இன்னும் ஓடுது."

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனை விட்டு முகத்தைத் திருப்பி, வேறு யாரிடமோ அவள் சொன்னாள்:

"வலிக்குதுப்பா... விடுப்பா."