சுருக் மொழி

மிக்கேல்ராஜ் மோதிரத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது மணி ஒன்பது. பத்து நிமிடத்துக்குள் முதல் கடி விழுந்துவிட்டது. மருந்தின் அளவை எழுதும்போது அது மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று குறிப்பிட மறந்திருந்தான். கட்டெறும்பு கடித்தது போல விரலில் சுருக்கென்றது. அலகைச் சேர்த்ததும் வலி நின்றது. பதினோரு மணிவாக்கில் ஒரு நிபந்தனையைத் தலைகீழாக எழுதிவிட்டான். இந்த முறை முழங்கை வரை தீப்பிடித்தது. அவன் என்ன தவறு என்று யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் பின்னால் போய் அந்த வரியை அழித்தது.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தளத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து கணினி நிரல் எழுதினார்கள். எப்போதும் யாராவது ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பார்.

சுருக் மொழியை உருவாக்கியவர் செண்பகவடிவு. பாளையங்கோட்டைக்காரர், இருபது வருடம் நிரல் எழுதியவர். ஒரு மருத்துவமனையில் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் ஒரே நாளில் பத்தொன்பது பேரைக் கொன்றபோது, விசாரணைக் குழுவில் அவரும் இருந்தார். அந்த நிரலை எழுதிய காலத்தில் கணினி முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளைக் காட்டியிருந்தது. எழுதியவர்களில் ஒருவர்கூட அவற்றைப் படிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான்: "மஞ்சள் எழுத்துதானே மேடம். அது எப்பவும் வரும்."

செண்பகவடிவு அந்தப் பதிலை ஒரு வருடம் சுமந்துகொண்டு திரிந்தார். இதுவரை வந்த நிரல் மொழிகள் எல்லாமே எழுதுகிறவரின் கண்ணை நம்பியவை என்று அவருக்குத் தோன்றியது. சிவப்புக் கோடு, மஞ்சள் முக்கோணம், நீளமான பிழைச் செய்தி. கண் எதற்கும் பழகிவிடும். தோல் பழகாது. சூடான தோசைக்கல்லில் கை பட்டவர் எந்த அறிவிப்பையும் படித்துவிட்டுக் கையை எடுப்பதில்லை. மார்ச் மாதம் திருநெல்வேலியில் ஒருவர் செய்யும் தவறுக்கு அக்டோபரில் தர்மபுரியில் இன்னொருவர் சாகிறார். இடையில் இருக்கும் அந்தத் தூரம்தான் பிழை, அதை இல்லாமல் செய்வதுதான் நல்ல மொழியின் வேலை என்று முடிவுக்கு வந்தார்.

அதற்காக அவர் கட்டிய கருவிக்கு விளைவுக் கணிப்பி என்று பெயர். ஒவ்வொரு வரி எழுதப்படும்போதும் அது அந்த வரியைப் பத்தாயிரம் கற்பனை நோயாளிகள் மேல் ஓட்டிப் பார்க்கும். எத்தனை பேருக்குத் தீங்கு வருகிறதோ அந்த அளவுக்கு மோதிரம் எழுதியவரின் நரம்பில் வலியைச் செலுத்தும். விரலுக்குக் காயம் எதுவும் ஆகாது.

மற்ற மொழிகளைக் கற்க ஒரு வருடம் ஆனால், சுருக்கைப் பதினோரு நாளில் கற்றார்கள். மருத்துவக் கருவிகளுக்கான நிரலை அந்த மொழியில் மட்டுமே எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. மூன்றாம் வருடம் கருவிப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட அறிக்கையில் 'இயந்திரப் பிழையால் நேர்ந்த மரணங்கள்' என்ற தலைப்புக்கு நேரே சுழியம் இருந்தது.

மிக்கேல்ராஜ் எழுதிக்கொண்டிருந்தது மருந்தேற்றிகளுக்கான நிரல். நோயாளியின் உடல்நிலையை அளந்து, எவ்வளவு மருந்து எப்போது போக வேண்டும் என்று தானே தீர்மானிக்கும் பெட்டி அது. மருந்துக் குப்பி அதற்குள் முத்திரையிட்டபடி இருக்கும், வெளியிலிருந்து யாரும் தொட முடியாது.

அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு வியாழக்கிழமை கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்தேற்றியை மாட்டிவிட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்க, சார். மெஷின் பாத்துக்கிடும்," என்றார் செவிலியர் ஜெயசித்ரா.

மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு ஸ்டெல்லாவின் விரல்கள் வீங்கின. கையில் கட்டியிருந்த பட்டை ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு என்று அளந்தது. வீங்கிய விரலில் மாட்டியிருந்த உணரி நூற்றிருபது என்றது. மருந்தேற்றி இரண்டையும் பார்த்தது. திரையில் எழுத்து வந்தது: 'உறுதி இல்லை. நிறுத்தப்பட்டது.'

ஜெயசித்ரா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையால ஓட்டுற பட்டன் எங்க? பழைய மெஷின்ல இருக்குமே!" டாக்டர் ஓடி வந்தார். இன்னொரு மருந்தேற்றியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதுவும் இரண்டு அளவுகளையும் பார்த்துவிட்டு அதே சொற்களைக் காட்டியது. மூன்றாவதும் அப்படியே. மருந்தைத் தனிக் குப்பியாகப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து எடுத்துவர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஸ்டெல்லாவுக்கு மூன்று முறை வலிப்பு வந்தது. முதலில் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றது. நாலு மணிக்கு அவளும் போனாள்.

மிக்கேல்ராஜ் கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அந்தத் திரையில் இருந்த இரண்டு வாக்கியங்களும் அவன் எழுதியவை.

நாலு மாதத்துக்கு முன்னால் எழுதினான். இரண்டு அளவுகள் முரண்பட்டால் என்ன செய்வது என்பதுதான் அன்றைய வேலை. அதிகமான அளவை நம்பி மருந்து கொடு என்று முதலில் எழுதினான். தோள்பட்டை வரை எரிந்தது. செவிலியரிடம் கேள், அவர் கையால் இயக்கட்டும் என்று மாற்றினான். வலியில் நாற்காலியோடு சாய்ந்து கீழே விழுந்தான். மனிதர்கள் களைப்பில் தவறான பொத்தானை அழுத்துவார்கள் என்பது கணிப்பிக்குத் தெரியும். மூன்றாவதாக, நிறுத்து என்று எழுதினான். எதுவும் வலிக்கவில்லை. எழுந்து போய் டீ குடித்தான்.

அடக்கம் முடிந்து பதினாறாம் நாள் காலை அவன் செண்பகவடிவின் அலுவலகத்துக்கு வந்தான். சுருக் மொழியை முதன்முதலில் அவரிடமே கற்ற குழுவில் இருந்தவன். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

செண்பகவடிவு அவன் நிரலை வரவழைத்து மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார்.

"மிக்கேலு, உன் வரியில தப்பே இல்லையேப்பா."

"அதத்தான்க்கா நானும் சொல்லுதேன். தப்பே இல்ல. எழுதும்போது ஒரு பொட்டு வலிக்கல. என் பொண்டாட்டிய கொன்ன வரி எனக்கு ஏன் வலிக்கல?"

அவர் கணிப்பியின் அமைப்பைத் திரையில் திறந்தார். பிறகு சொன்னார். "மெஷின் ஏதாவது செஞ்சு அதனால கெடுதல் வந்தாத்தான் கணிப்பி கணக்குல எடுக்கும். செய்யாம விட்டதுக்கு சுழியம்."

"யாரு வச்சா சுழியம்?"

"நான்தான் வச்சேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆரம்பத்துல அதையும் சேத்துத்தான் வச்சிருந்தேன். சோதனைக்கு உக்காந்த பிள்ள மோதிரத்த மாட்டுனதுமே அலறிட்டா. ஒரு எழுத்துகூட அடிக்கல. காலிப் பக்கம்னா அந்தப் பத்தாயிரம் பேரையும் யாருமே காப்பாத்தலன்னு அர்த்தம். காலிப் பக்கமே வலிச்சா எவன் உக்காந்து எழுதுவான்? எழுத முடியாத மொழிய வச்சு என்ன பண்ண?"

"அப்ப எங்களுக்கு வசதியா இருக்கணும்னு வச்சீங்க."

அன்று முழுவதும் இருவரும் உட்கார்ந்து மற்றக் கருவிகளின் நிரல்களைத் தேடிப் பார்த்தார்கள். அறுநூற்று நாற்பது கருவிகளில் அறுநூற்றுப் பதினொன்று, சந்தேகம் வந்தால் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருந்தன. ஐந்நூற்றுத் தொண்ணூறில் கையால் இயக்கும் வழி நீக்கப்பட்டிருந்தது. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே வலிக்காத திசையில் போயிருந்தார்கள். நின்றுபோன இயந்திரத்தின் கீழ் செத்தவர்கள் எல்லாரும் நோயால் இறந்ததாகப் பதிவாகியிருந்தார்கள். செண்பகவடிவு அந்த மரணங்களைக் கூட்டினார். பழைய மொழிகள் கொன்றதைவிட அதிகம்.

மறுநாள் காலை அவர் சுழியத்தை எடுத்துவிட்டு ஒன்று என்று போட்டார்.

"நான் உக்காருதேன்," என்றான் மிக்கேல்ராஜ்.

"வேண்டாம்ப்பா. நான் பாத்துக்கிடுதேன்."

"அந்த வரிய எழுதுனது நீங்க இல்லையே."

மோதிரத்தை மாட்டிக் காலிப் பக்கத்தைத் திறந்ததும் அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அடுத்த அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். செண்பகவடிவு மோதிரத்தைப் பிடுங்கப் பாய்ந்தார். அவன் கையை மடக்கிக்கொண்டு கொடுக்கவில்லை. ஒரு கையால் முதல் வரியை அடித்தான். வலி ஒரு துளி குறைந்தது. இரண்டாவது வரி. நோயாளிகள் ஒவ்வொருவராக அவன் தோளிலிருந்து இறங்கினார்கள். நண்பகல் தாண்டி, சந்தேகம் வந்தால் கையால் இயக்கும் வழியைத் திறந்து செவிலியரைக் கூப்பிடும் வரியை எழுதியபோது அது பல்வலி அளவுக்கு வந்துவிட்டது. முழுதும் நிற்கவில்லை. எவ்வளவு எழுதினாலும் சாகிறவர் யாராவது மிச்சம் இருந்தார். ஆனால் ஸ்டெல்லா போன பிறகு அன்றுதான் அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

இரண்டாம் பதிப்பு வெளியான முதல் வாரம், நாடு முழுவதும் இருந்த நானூறு நிரலாளர்களில் முந்நூற்றுப் பத்துப் பேர் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார்கள். மீதிப் பேர் எழுதிய நிரல்கள் போன இடங்களில் மட்டும் மரணங்கள் பாதியாகக் குறைந்தன.

ஆணையத்தின் தலைவர் கங்காதரன் செண்பகவடிவைக் கூப்பிட்டு அனுப்பினார். மென்மையாகப் பேசுகிற மனிதர்.

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் மேடம். சும்மா இருக்கறதும் ஒரு செயல். அதனால சாவு வருது. அப்படின்னா மோதிரத்தைக் கழட்டி வைக்கறதும் அதே கணக்குதானே?"

"அவங்க மனுசங்க சார். அவங்களால முடியல."

"ஆஸ்பத்திரியில கிடக்கறவங்களும் மனுசங்கதான். நீங்களே கூட்டிப் பாத்திருக்கீங்களே."

அடுத்த மாதம் மோதிரத்துக்குப் பூட்டு வந்தது. காலை ஒன்பதுக்குப் பூட்டினால் மாலை ஆறுக்குத்தான் திறக்கும். ராஜினாமா செய்தவர்களைச் சட்டப்படி திரும்ப அழைத்துவந்தார்கள். அதை எதிர்த்து யாரும் பெரிதாகப் பேசவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு நோயாளி இருந்தார்.

செண்பகவடிவு ஒரு நாள் நிரல் கூடத்தைப் பார்க்கப் போனார். இருநூறு பேர் வரிசையாகக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்துகிற நேரமும் கணக்கில் சேரும் என்று கற்றிருந்தார்கள். சிலருடைய கண்ணிலிருந்து நீர் அதுபாட்டுக்கு இறங்கி விசைப்பலகையில் விழுந்தது. கூடத்தின் பொறுப்பாளர் பெருமையோடு சொன்னார்: "பயிற்சி வகுப்பையே மூடிட்டோம் மேடம். புதுசா வாரவங்க மூணே நாளுல பிடிச்சிக்கிடுதாங்க. இவ்வளவு ஈசியான மொழிய நான் பாத்ததில்ல."

மூன்றாம் வரிசையில் மிக்கேல்ராஜ் இருந்தான். பாதியாக இளைத்திருந்தான். செண்பகவடிவு அவன் அருகில் போய்க் குனிந்தார்.

"மிக்கேலு."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேசாதீங்கக்கா. பேசுற நேரத்துக்கும் வலிக்கு."

அவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் முடிவு செய்துவிட்டார். பூட்டை நீக்க ஆணையம் தேவையில்லை. பூட்டைத் திறப்பதும் மூடுவதும் சுருக்கில் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பிக்குள் இருக்கும் ஒரு பகுதி. அதைத் திருத்தும் உரிமை ஆணையத்துக்கு வெளியே உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. ஒரே ஒரு வரி: எழுதுகிறவர் விரும்பினால் மோதிரத்தைத் திற.

தொகுப்பியும் மருத்துவக் கருவிகளின் நிரல்தான் என்று சட்டம் சொன்னது. மறுநாள் காலை ஒன்பதுக்கு அவர் தன் விரலில் மோதிரத்தைப் பூட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்தார். ஏற்கெனவே எழுதி முடித்த நிரல் என்பதால் லேசாகத்தான் வலித்தது. அந்த வரியை அடித்தார்.

கண் திறந்தபோது தரையில் கிடந்தார். நெற்றி எங்கோ மோதி ரத்தம் வந்திருந்தது. கை திரையை எட்டித் தடவி அந்த வரியை அழித்திருந்தது. அழித்தது அவருக்கு நினைவில்லை. கணிப்பியின் குறிப்பு ஓரத்தில் இருந்தது: பூட்டு திறந்தால் நிரலாளர்கள் போய்விடுவார்கள், ஆண்டுக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது மரணம். செண்பகவடிவு அந்தக் கணக்கைக் காகிதத்தில் தானே போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. கூடத்தில் இருக்கும் இருநூறு பேரையும் எங்காவது சேர்த்திருக்கிறதா என்று தேடினார். கணிப்பி நோயாளிகளை மட்டுமே எண்ணியது. எழுதுகிறவர்களை எண்ண வேண்டும் என்று அவர் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. இனிச் சொல்வதற்கும் அந்த வரியை எழுதியாக வேண்டும்.

எழுதிப் பார்த்தார். மூன்றாவது சொல்லுக்கு மேல் போக முடியவில்லை. மறுபடி பூட்டுக்கே வந்தார். ஒரு மணி நேரம் மட்டும் திற என்று எழுதினார். வாந்தி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று எழுதத் தொடங்கி, அந்தச் சொல் முடிவதற்கு முன்பே விரல்கள் பின்வாங்கின.

மதியத்துக்கு மேல் அவர் எதையும் தீர்மானிக்கவில்லை. விரல்கள் தாமாகவே வலி குறைகிற பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு சொல்லைச் சேர்த்தால் கொஞ்சம் ஆறியது. இன்னொன்றைச் சேர்த்தால் இன்னும் ஆறியது. பூட்டு திறக்கும் நேரம் ஆறிலிருந்து எட்டுக்குப் போனது. விடுமுறை நாட்கள் ஒவ்வொன்றாக அழிந்தன.

ஐந்தே முக்காலுக்கு அவர் சாய்ந்து உட்கார்ந்தபோது கை முழுவதும் குளிர்ந்த நீரில் நனைத்தது போல இருந்தது. அவ்வளவு சுத்தமான நிரலை அவர் அதுவரை எழுதியதில்லை. சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்திவிட்டு, மோதிரம் திறக்கட்டும் என்று காத்திருந்தார். மணி ஆறு ஆயிற்று. மோதிரம் திறக்கவில்லை.