சுவரின் மறுமுகம்

நாங்கள் வேலைக்குப் போய் இறங்கியபோதே என் மனைவிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வீட்டிலேயே கிட என்றால் கேட்டால்தானே! "நீங்க ஒருத்தரே ரெண்டு பக்கமும் ஓடி ஓடிக் கட்டுவீங்களாக்கும்" என்று சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள்.

ஆள் குடியில்லாத பழைய வீடு. சுற்றுச்சுவர் தெருப்பக்கமாக வயிறு தள்ளிச் சரிந்து கிடந்தது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். முரட்டுக்கல் சுவர் என்பது உண்மையில் இரண்டு சுவர். தெருவைப் பார்த்து ஒரு முகம், வீட்டைப் பார்த்து ஒரு முகம். நடுவில் சில்லுக்கல்லும் சாந்தும் போட்டு இறுக்க வேண்டும். இரண்டு முகமும் பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள, இடையிடையே குறுக்கே ஒரு நீளக் கல். ஆளுக்கொரு பக்கம் நின்று சமமாக ஏற்றினால்தான் வேலை ஓடும். வானம் வேறு கறுத்திருந்தது. மேல்வரிசையை மூடுவதற்குள் மழை பிடித்தால் தண்ணீர் நடுவில் இறங்கிச் சுவர் மறுபடி பிதுங்கிவிடும். அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

நான் தெருப்பக்கம் நின்றேன், அவள் உள்பக்கம்.

"அந்தக் கல்லு பல்ல இளிக்குது பாரு, சில்லு வெச்சு அடி."

"உங்க பல்லுக்கு அது தேவல."

காய்ச்சல் உடம்புக்குத்தான், வாய்க்கு இல்லை.

மதியத்துக்குள் சுவர் கண்மட்டத்தைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் ஆள் தெரியாது, சத்தம்தான். சாப்பிட்டுவிட்டு வந்து சாந்துக் கரண்டியை எடுத்தேன். எனக்கு முன்பே அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

"சில்லு இறுகிச்சா?"

"ம்."

"நூல் மட்டத்துக்கு வந்தாச்சா?"

"ம்."

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்பவள். சரி, அசந்துபோயிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். எனக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது, பேசத் தெம்பில்லை.

கடைசி நீளக் கல்லைத் தோளில் ஏற்றிச் சுவர்மேல் சாய்த்தேன். "பிடிச்சுக்க. பாத்து, விரலு!" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கல் என் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய், அளந்து வைத்தாற்போல உட்கார்ந்தது. காய்ச்சல்காரிக்கு இவ்வளவு தெம்பா! கல் போன வழியாக ஒரு வாடை வந்தது, வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

"கை கடுக்குது" என்றது அவள் குரல்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "போதும்மா, நீ கிளம்பு. வீட்டுக்குப் போய்ப் படு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சுத்தியல் நின்றது.

"படுக்கலாமா?"

"நம்ம வீட்ல படுக்க என்னைய எதுக்குக் கேக்கற? போ."

"படுத்து ரொம்ப நாளாச்சு."

நேற்று ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டவள் பேசுகிற பேச்சா இது என்று சிரித்துக்கொண்டேன்.

பீப்பாயைப் போட்டு ஏறி மேல்வரிசையை மூடினேன். அந்தப் பக்கம் சுவரடியில் யாரும் இல்லை. கீழே இறங்கியபோதுதான் எங்கள் வீட்டுச் சாவி என் சட்டைப்பையிலேயே இருப்பது உறைத்தது. இன்னும் உள்ளேதான் இருப்பாள் என்று வாசலைச் சுற்றி ஓடினேன்.

அந்த வீட்டு வராண்டாவில் சாக்கை விரித்துச் சுருண்டு கிடந்தாள் என் மனைவி. உலுக்கியதும் பதறி எழுந்தாள்.

"கோச்சுக்காதீங்க. சாப்பிட்டதும் தல சுத்துச்சு. செத்த நேரம்னு படுத்தேன், எந்திரிக்கவே இல்ல. ஐயோ, என் பக்கம் அப்படியே கெடக்குமே!"

சுவரைப் பார்த்தேன். அவள் பக்கம் ஊசி நுழைய இடமில்லாமல் முடிந்திருந்தது. அவள் சட்டியில் சாப்பாட்டுக்கு முன் குழைத்த சாந்து தொடாமல் இறுகிப்போயிருந்தது. சுத்தியல் அவள் தலைமாட்டில் கிடந்தது.



"நீங்களே முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"ம்" என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். காய்ச்சல் ஏறி அவளுக்குப் பல் தந்தியடித்தது. எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். திறந்து கதவைத் தள்ளினேன்.

கதவு அசையவில்லை.

"சீக்கிரம் தொறங்களேன், நிக்க முடியல" என்று என் தோளில் முனகினாள்.

மறுபடி தள்ளினேன். உள்தாழ்ப்பாள் கடகடத்தது. கதவிடுக்கு வழியாக அந்தப் பூட்டிக்கிடந்த வாடை வந்தது. பிறகு பாய் சரசரக்கும் சத்தம், யாரோ புரண்டு படுப்பது போல.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல், தூக்கக் கலக்கத்தில், அலுத்துக்கொண்டது.

"இப்பத்தாங்க படுத்தேன்."