காற்றுத்தீவுக்குப் போன மல்லிகை

சிறகையும் மரபணுவையும் சேர்த்தளக்கும் சிறகுமானி, காற்றுத்தீவிலிருந்து வந்த நூற்றுப் பன்னிரண்டாவது ஈக்கும் அதே பதிலைத்தான் சொன்னது: "மணல்தீவு ஈயோடு வேறுபாடு இல்லை." பிரகாசி அதே ஈயை மறுபடி வைத்து அளந்தாள்.

மணல்தீவுக்கும் காற்றுத்தீவுக்கும் ஆள் போக்குவரத்து நின்று பதினோரு வருடம். எல்லாம் மகரந்தம் சுமந்து எங்கும் திரிகிற சாதாரணப் பூ ஈயால் வந்த வினை. காற்றுத்தீவில் நீளச் சிறகு ஈக்களைக் காற்று கடலுக்குள் அடித்துப்போகும். குட்டைச் சிறகுதான் மிஞ்சிப் பெருகும். படகோடு வெளி ஈ வந்து கலக்காமல் இருந்தால், புயலிலும் தோப்பைவிட்டு அகலாத புது இனம் கிடைக்கும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். இனம் பிரிந்தால் தடை நிரந்தரம். பிரியாவிட்டால் மறுபடி படகு. மணல்தீவுப் பூச்சிச் சோதனையாளர் பிரகாசியின் ஒரே அக்கா மெட்டில்டா வாக்கப்பட்டிருந்தது காற்றுத்தீவில்தான்.

"யாரோ இங்கேருந்து உயிரோட ஈ அனுப்பியிருக்காங்க," என்றார் மேலதிகாரி சவரிராயன். "வருஷக்கணக்கா."

யாரோ என்ன யாரோ! ஆளில்லாமல் போகும் தானோடத்தில் ஏற்றும் பொட்டலமெல்லாம் பூச்சி கொல்லும் புகைப்பெட்டிக்குள் போய்வர வேண்டும். அக்காவுக்கு வாரம் ஒன்றாக அனுப்பும் மல்லிகைச் சரம் மட்டும் அந்தப் பெட்டிக்குள் போகாது. புகை பட்டால் வாசம் போய்விடுமே என்று பிரகாசியே புகை போட்டதாக முத்திரை குத்திவிடுவாள். மொட்டுக்குள் ஈ முட்டை இருக்கும் என்பது, படித்த படிப்புக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோகும்.

"நான்தான் சார். அக்காவுக்குப் பூ அனுப்பினேன்."

சவரிராயன் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்க பதினோரு வருஷத்தையும் உங்க அக்கா கொண்டையில வச்சிட்டீங்களேம்மா."

வேலை போயிற்று. படகு வந்தது. முதல் படகிலேயே பிரகாசி, மடியில் ஒரு சரத்தோடு போய் இறங்கினாள்.

மெட்டில்டா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். திரையில் பேசும்போதெல்லாம் காற்று என்று சொல்லிப் போட்டிருக்கும் முக்காடு, இப்போது நழுவி விழுந்தது. முடி காதுக்கு மேலேயே நின்றது.

"ஏக்கா, முடி எங்க?"

"இந்தக் காத்துல யாரு பின்னுவா? வெட்டி எட்டு வருஷமாச்சு."

"அப்ப நான் அனுப்பின பூவெல்லாம்?"

"சன்னல்ல கட்டித் தொங்கவிடுவேன். நீ கட்டின பூவ வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

துறையில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் கத்தரித்த முடி. எல்லாரும் காற்றுப் பக்கம் தோளைச் சாய்த்தே நின்றார்கள். இத்தனை வருடம் ஈயை மட்டும் அளந்தோமே என்று பிரகாசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

காற்று அவளுடைய நீளப் பின்னலைப் பிடித்துக் கடல் பக்கம் இழுத்தது. அக்கா எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீளமா இருந்தா இங்க நிக்காது, ஏட்டி. நாளைக்கே வெட்டிருவோம்."