சூனியக்காரிக்கு ஒரு பேர்

"கோட்டான்மூக்கி!"

பக்கத்தில் நின்றவன் சட்டென்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்ட, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, அதுவும் வேண்டாமா? அப்போ... கரும்பல்லி?"

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

"புகைச்சடைச்சி?"

ஈரத் தலையை அவசரமாகக் கோதிவிட்டுக்கொண்டான்.

"ஏங்க..." என்றான் கடைசியில், பாவமாக. "நான் வேணா கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா?"

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அகலமான கண்கள்... இமையெல்லாம் மழைத்துளி... அதற்குப் பின்னால் அப்பட்டமான எரிச்சல்.

"உங்களை யாருங்க சொன்னா? நான் ஒரு சூனியக்காரிக்குப் பேர் தேடிட்டிருக்கேன்!"

"ஓ... சொந்தக்காரங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வந்த சிரிப்பை விழுங்கினாள். இவனிடம் எதற்குச் சிரிக்க வேண்டும்?

"கதைங்க. குழந்தைகளுக்கு எழுதின கதை. என் முதல் புத்தகம். எல்லாம் முடிஞ்சுது, இவ பேரைத் தவிர. நாளைக்கு மத்தியானம் அட்டை பிரஸ்ஸுக்குப் போகணும். எங்க அண்ணிதான் பதிப்பாளர். நான் சொல்ற பேர் ஒண்ணுகூட அவங்களுக்குப் பிடிக்கல."

அவன் நிஜமாகவே யோசித்தான்.

"பாவங்க அவங்க."

"யாரு, அண்ணியா?"

"இல்லைங்க, அந்தச் சூனியக்காரி. அவங்களும் ஒரு நாள் குழந்தையா இருந்திருப்பாங்கல்ல? பெத்த பிள்ளைக்கு எந்த அம்மாவாவது கரும்பல்லின்னு பேர் வைப்பாங்களா?"

 அவன் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பஸ் வந்தது. விறுவிறுவென்று ஏறிக்கொண்டாள். கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தால்... அவன் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சே! என்ன பார்வை இது...

மறுநாள் காலை அண்ணியின் அலுவலகப் படியேறும்போதும் அவன் கேட்ட அதே கேள்விதான் மண்டைக்குள். இரும்புக் கடைக்கு மேலே இரண்டே அறை. முன்னறையில் அண்ணி மேஜை மேல் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே...

அவனேதான்!

"வா வா. இவர்தான் நம்ம அட்டைக்குப் படம் போடற ஓவியர். இப்பத்தான் கொண்டு வந்தார்," என்ற அண்ணி படத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு திடீரென்று இருமல் வந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்தில் சூனியக்காரி. கன்னத்தில் ஒட்டிய ஈர முடி. தூக்கிய ஒற்றைப் புருவம். திட்டுவதற்காகவே பாதி திறந்த வாய்.

"இது... நானா?"

"ரொம்ப நாளா இவங்களுக்கு முகம் அமையலைங்க," என்றான் அவன் அப்பாவியாக. "நேத்துதான் அமைஞ்சுது."

"சூனியக்காரிக்கு என் முகமா? முதல்ல மாத்துங்க!"

"மாத்த மாட்டேன்."

"என்னது?"

"வேற முகம் வச்சா அது இவங்களா இருக்காது. பிடிக்கலைன்னா வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கோங்க." அவன் குரல் உயரவில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது. படத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

"போச்சு!" அண்ணி தலையில் கைவைத்தாள். "பேரும் இல்ல, இப்ப முகமும் இல்ல. இந்தத் தடவை பிரஸ்ஸை விட்டா உன் புத்தகம் இந்த வருஷம் வராது. உங்க அண்ணன் உன்னைப் பிடிவாதக்காரின்னு சொல்றப்பல்லாம் நான் உனக்காகப் பேசினேன் பாரு... என்னைச் சொல்லணும்!"

போன் பேச உள்ளறைக்குப் போய்விட்டாள் அண்ணி.

அவள் படத்தை இழுத்து வைத்துக்கொண்டாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள். மரு இருக்குமா, கோணல் பல் இருக்குமா... ஒன்றும் இல்லை. இருந்தது ஒரு ஜோடிக் கண். கோபம் மேலுக்குத்தான் இருந்தது. உள்ளே ஒரு களைப்பு. யாராவது நல்ல விதமாகக் கூப்பிட மாட்டார்களா என்று காத்துக் காத்து வந்த களைப்பு.

கதை முழுக்க ஊரே இவளைத் துரத்துகிறது. எழுதியவளும் சேர்ந்து அல்லவா திட்டிக்கொண்டிருக்கிறாள்! இவளைப் பெற்றவள் என்ன சொல்லிக் கொஞ்சியிருப்பாள்? இருட்டுகிற நேரத்தில் பிறந்த குழந்தை... ஊர் கதவைச் சாத்தும்போது மலர்கிற பூ...

"அந்திமல்லி," என்றாள் மெதுவாக.

"என்னது?" உள்ளேயிருந்து அண்ணி.

"அவ பேரு, அண்ணி. அந்திமல்லி."

அண்ணி கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். "அழகா இருக்குடி... சரி, முகம்?"

"...இருந்துட்டுப் போகட்டும்."

"அதை அவர்கிட்ட போய்ச் சொல்லு. மழையில கீழதான் நிக்கிறார். ஜன்னல்ல தெரியுது."

இரும்புக் கடை வாசலில் ஒதுங்கி நின்றிருந்தான். அவள் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்கினான்.

"பேர் கிடைச்சிருச்சு. அந்திமல்லி."

அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "இது அம்மா வச்ச பேர்தாங்க."

"படமும் அப்படியே போகட்டும். ஆனா கேக்காம கொள்ளாம என் முகத்தை எப்படி எடுத்துட்டுப் போவீங்க?"

"வேற முகம்தாங்க வரைய நினைச்சேன். அழிச்சு அழிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்களே வந்து நின்னு திட்டறீங்க..." நிறுத்தினான். காதெல்லாம் சிவந்துவிட்டது. "எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்குங்க."

"அதை மேலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உங்க அண்ணி இருந்தாங்களே!"

"படத்தைப் பார்த்ததுமே அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நேத்திலிருந்து ஒரு வேலை ஓடல எனக்கு. சாப்பிட உக்காந்தா உங்க ஞாபகம், எழுத உக்காந்தா உங்க ஞாபகம். சரியான இம்சைங்க நீங்க!"

"அப்போ... நான் கிளம்பட்டுமா?"

"கிளம்பித்தான் பாருங்களேன்!"

அவன் கிளம்பவில்லை. அவள் மழையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். "எனக்கும் பிடிச்சிருக்கு..."

"மழைச் சத்தத்துல சரியாக் கேக்கலைங்க."

பல்லைக் கடித்தாள். பிறகு எம்பி, அவன் காதோரம், இந்த முறை திட்டாமல்... மெதுவாக மறுபடி சொன்னாள்.