மூச்சு எடுக்காத சத்தம்

வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அவள் விரலைத் தூக்கினாள்.

மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனைவியின் விரலையே பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் போடவில்லை. ஷெட்டின் தகரக் கூரைமேல் காலையிலிருந்து தூறல் விடவே இல்லை, ஈரச் சாக்கு வாடையும் பழைய கியர் ஆயிலின் அழுகிய முட்டை நாற்றமும் கலந்து கேபினுக்குள் அடைத்துக்கொண்டு கிடந்தன, அதற்கு நடுவில் அந்த ஆள்காட்டி விரல், வகுப்பில் வெளியே போகக் கேட்கிற பிள்ளையின் விரலைப் போல, மடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

“நாப்பதுக்கு மேலதான் கத்துதுன்னாரு டிரைவரு. வண்டி இன்னும் நகரவே இல்லையே,” என்றான்.

“நான் என்னங்க பண்றது, கேக்குதே. நாப்பது வர்ற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொல்லுங்க உங்க வண்டிய.”

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது. முப்பது வருடம் சுத்தியலுக்கும் எஞ்சினுக்கும் பக்கத்தில் நின்றதில், கூர்மையான சத்தங்களெல்லாம் நான்கு வருடம் முன்பே காதை விட்டுப் போய்விட்டன. பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும், பேரிங் முனகுவது கேட்காது. இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஊருக்கு அவன் இன்னும் காதுக்காரன், உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தத்தைப் பிடிக்கிறவன். வீட்டுக்காரிக்கு வண்டியில் சுற்ற ஆசை என்று சொல்லி, ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொள்வான். சத்தம் வந்தால் விரல் ஏறும், நின்றால் இறங்கும். மிச்சத்தை அவன் கை பார்த்துக்கொள்ளும்.

“காது என்னுது, பேரு மட்டும் உங்களுக்கு,” என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

கிளட்சை அழுத்தி மிதித்தான். மிதித்தால் கியர்பாக்ஸுக்குள் எதுவும் சுற்றாது. விரல் அசையவில்லை. எஞ்சினை நிறுத்தினான், இறங்கினான், வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி அவள் பக்கத்துக் கதவுக்கு வந்து சேர்ந்தான். அப்போதுதான் விரல் மெதுவாக மடியில் இறங்கியது.

“இப்பத்தான் நின்னுச்சு,” என்றாள்.

மலைக்கு மின்கம்பம் ஏற்றிப்போகிற பழைய லாரி அது. நான்கு சக்கரமும் இழுக்கும். காலையில் அதைக் கொண்டுவந்த டிரைவர், “ஊசி மாதிரி ஒரு அழுகைண்ணே. உங்க காதுக்குத்தான் அது அகப்படும்,” என்று சொல்லி சாவியைக் கையில் திணித்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தலையில் வைத்திருந்த மூட்டையை இறக்கிப்போட்டவன் போல, மழையில் குடைகூட இல்லாமல் வேகமாக நடந்து போனான்.

இப்படிப்பட்ட சத்தத்தை நேராகப் போய்ப் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ, குற்றவாளி அது. மெக்கானிக் முதலில் முன்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் நீளமான ரோட்டில் வண்டியை விட்டான். பத்திலேயே விரல் ஏறிவிட்டது. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருளவிட்டான். அப்போதும் விரல் இறங்கவில்லை. திரும்பி வந்து முன்ஷாஃப்டை மாட்டினான், பின்ஷாஃப்டைக் கழற்றினான், முன்சக்கரம் மட்டும் இழுக்க மறுபடியும் அதே ரோட்டில் போனான். அவள் பேச்சை விட்டுவிட்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு லாரி தொண்டை கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, அவனுக்கே காது வலித்தது, அவள் கண் சிமிட்டவில்லை.

“ஒதுங்கச் சொல்லி இந்தக் கத்து கத்துறான் பாரு,” என்றான்.

“யாரு?”

லாரி முன்கண்ணாடியில் சேற்றை அடித்துவிட்டுக் கடந்து போனது. அவள் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திடுக்கிட்டாள்.

அவன் பாதியிலேயே வண்டியைத் திருப்பினான். அவளை ஷெட் வாசலில் இறக்கிவிட்டு, தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு நான்கு தெரு சுற்றி வந்தான். சந்தைத் தெருவின் கடைசி வரை போய்த் திரும்பினான். அவ்வளவு தூரத்துக்கு எந்த மனிதக் காதும் எட்டாது. திரும்பி வந்தபோது அவள் விட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். தூறலில் முந்தானை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

விரல் மேலேதான் இருந்தது.

“எப்ப தூக்கின?”

“எப்ப இறக்கினேன்?” என்று அவள் கேட்டாள். கேலி இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

பின்மதியத்துக்குள் இரண்டு ஷாஃப்டும் தரையில் கிடந்தன. நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டான். பேட்டரி ஒயரையும் பிடுங்கிவிட்டான். சுற்றுவதற்கு அந்த வண்டியில் இனி ஒன்றுமே இல்லை. வேலை முடிந்தது என்று சொல்லலாமென்று கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தியிருந்தாள். அப்படிக் கேட்பது அவன் ஒரு காலத்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது.

“என்ன கேக்குது?” அவன் குனிந்து தரையோடு தலையை வைத்தான்.

அவள் உதடு மட்டும் அசைந்தது. “ஒரே இழுப்பு. நடுவுல விடவே மாட்டேங்குது. எங்கயாவது ஒரு எடத்துல மூச்சு எடுக்கணும் இல்லங்க? எடுக்கும் எடுக்கும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.”

மழையோடு மலைக்குளிரும் இறங்கியிருந்தது. பேசும்போதெல்லாம் அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அவளுக்கும் அந்தச் சொற்களோடு கடைசியாகக் கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மனதுக்குள் முப்பதுவரை எண்ணினான். மார்பு ஏறவில்லை. நாற்பது. கண் திறந்தே இருந்தது. ஐம்பது.

ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று பிடுங்கினான். முங்கி எழுந்தவள் போல அவள் ஒரு மூச்சை இழுத்தாள்.

“ஏன் எடுத்தீங்க?” தூக்கத்தில் எழுப்பப்பட்டவளின் எரிச்சல் அவள் முகத்தில் இருந்தது. “வந்திருக்கும். இப்ப வந்திருக்கும்.”

அவளைக் கைத்தாங்கலாக ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் கொண்டுபோனான், ஈரத் தலையைத் துவட்டிவிட்டான், போர்வை போர்த்தி உட்காரவைத்தான். அவள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தாள். அவன் வெளியே வந்து டிரைவருக்கு போன் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டிக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“வண்டிய எடுத்துட்டுப் போயிடுப்பா. நான் மாட்டிக் குடுத்துடறேன். கூலி வேண்டாம்.”

“வேணாம்ணே.” டிரைவரின் குரல் லேசாக இருந்தது. “எனக்குச் சத்தம் விட்டுருச்சு. உங்க ஷெட்ட விட்டுத் தெரு திரும்பினேன், பட்டுனு நின்னுச்சு. அஞ்சு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் என் பொண்ணு பேசுறது காதுல விழுந்துச்சுண்ணே.”

“உனக்கு யாருப்பா குடுத்தா இத?”

“முன்னால ஓட்டினவரு. நம்மள விட நல்லாக் கேக்குற காது கெடச்சா அதுக்குத் தாவிரும்னு சொன்னாரு. ஊர்ல விசாரிச்சேன், எல்லாரும் உங்களத்தான் சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தொழில் தெரிஞ்சவரு, எப்படியாவது சமாளிச்சுருவீங்கன்னு…”

“எனக்குக் காது கேக்காதுப்பா,” என்றான் மெக்கானிக். நான்கு வருடத்தில் முதல்முறையாக வெளியாள் ஒருவனிடம் சொன்னான். “நாலு வருசமாக் கேக்காது. என் பொண்டாட்டிதான் கேட்டா.”

எதிர்முனையிலிருந்து “அண்ணே,” என்ற ஒரு சொல். போன் வைக்கப்பட்டது.

யாரிடமாவது முன்பே சொல்லியிருக்கலாம். போர்டில் எழுதிக்கூட மாட்டியிருக்கலாம். செவிட்டு மெக்கானிக் என்று நாலு பேர் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதானே. ஈரச் செருப்பு வழுக்க வழுக்க உள்ளே ஓடினான்.

நாற்காலியில் போர்வை மட்டும் இருந்தது.

தெருவைப் பார்த்த ஜன்னலோரம் அவள் நின்றிருந்தாள், முகம் கண்ணாடியை ஒட்டி, வாய் திறந்து. அந்தக் குளிர்க் கண்ணாடியில் அவள் வாய்க்கு நேராக ஒரு பொட்டு ஆவி படியவில்லை. ஆனால் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். மெல்லிய நடுக்கம், ஒரே சீராக. கையை அவள் கழுத்துக்கு மாற்றினான். அதே நடுக்கம். தொண்டையில். தோளில். முதுகெலும்பில் மேலிருந்து கீழ்வரை. எங்கும் விட்டுவிட்டு வரவில்லை.

“ஏம்மா,” என்றான். “மூச்ச விடும்மா.”

தோளைப் பிடித்துக் குலுக்கினான். முதுகில் தட்டினான். வாயோடு வாய் வைத்து ஊதினான். காற்று உள்ளே போகவில்லை, உள்ளே இடம் இல்லாதது போலத் திரும்பி அவன் முகத்திலேயே அடித்தது. கை தன்னாலே அவள் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தேடியது. கழற்ற ஒன்றுமில்லை. நிறுத்த ஒன்றுமில்லை.

நடுக்கம் கூடியது. வேகமெடுக்கும் வண்டி போல.

அந்தச் சத்தம் அவள் திறந்த வாய் வழியாக வெளியே போகிறது என்று புரிந்தது. அவன் காதில் மழை. வேறெதுவும் இல்லை.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். தலையைத் தூக்கினார். குடையோடு போன ஒரு பெரியவர் நடுத்தெருவில் நின்றார். பால்கேனோடு வந்தவர் சைக்கிளிலிருந்து காலை ஊன்றினார். மாடியில் துணி எடுக்க வந்தவள், கையில் துணியோடு, திரும்பினாள்.

எல்லோரும் இந்த ஜன்னலைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது.

தையல்காரரின் வாயில் ஆவி நின்றது.

பெரியவர் வாயில்.

பால்காரர். மாடியில் நின்றவள்.

அவன் ஜன்னலைத் திறந்து கத்தினான். காதைப் பொத்துங்க என்று கத்தினான். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. தெருவின் இரண்டு கோடி வரைக்கும் முகங்கள், மழையில் நனைந்தபடி, வாய் திறந்தபடி, அசையாமல். அந்தக் குளிரில் ஆவி வந்துகொண்டிருந்தது அவன் வாயிலிருந்து மட்டும்.